காய்ச்சல் போன பிறகு கொழுப்பு ஏறியதா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்குச் சொந்த ஊர் இரணியல் பக்கம், கட்டிக்கொடுத்தது பாறசாலையில். மகனுக்கு நாலு வயது. ஒன்பது வாரத்துக்கு முன்னால் அவனுக்கு ஒரு வாரம் காய்ச்சல் விடவே இல்லை. கண் சிவந்தது, உதடு வெடித்தது, உடம்பெல்லாம் தடிப்பு. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனோம். ஏழாவது நாள் 'கவாசாக்கி' என்று சொல்லி, ராத்திரி முழுக்க நரம்பு வழியாக ஒரு மருந்து ஏற்றினார்கள். மறுநாளே காய்ச்சல் இறங்கியது. இதய ரத்தக்குழாய் லேசாக விரிந்திருக்கிறது என்று முதல் எக்கோவில் (இதய ஸ்கேனில்) சொன்னார்கள். ஆறாவது வாரம் பார்த்தபோது சரியாகிவிட்டது. போன வாரம் ஆஸ்பிரினையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது பிரச்சினை வேறு. ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 118, ட்ரைகிளிசரைடு 212, எச்.டி.எல். 17, எல்.டி.எல். 59. ஆறாவது வாரம் நாங்களாகவே ஒரு லேபில் 'முழு உடல் பேக்கேஜ்' எடுத்தோம். அதில் 196, 128, 36, 134. ஆறே வாரத்தில் கொழுப்பு இப்படி ஏறுமா? 'நாலு வயசுப் பயலுக்குக் கொழுப்பா!' என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கிறார். மாமியார் முட்டை, மீன், தேங்காய், பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். மூன்று வாரமாகக் கஞ்சியும் பயறும்தான். 16 கிலோ இருந்த பிள்ளை இப்போது 14.9. இதயத்துக்கு நல்லது, ஆஸ்பிரினை விடாதே என்கிறார் கணவரின் அண்ணன். என் அப்பா 47 வயதில் மாரடைப்பில் போனவர். என் அண்ணன் 36 வயதிலேயே கொழுப்பு மாத்திரை சாப்பிடத் தொடங்கிவிட்டான். என் மகனும் வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டுமா? ஆஸ்பத்திரியில் மலையாளத்தில் வேகமாகச் சொன்னார்கள், பாதிதான் மனசில் நின்றது. தயவுசெய்து விளக்குங்கள்.

- ஒரு அம்மா, பாறசாலை

பதில்:

மக்ளே, நீங்கள் எழுதிய எண்களில் எனக்கு உடனே உறுத்தியது அந்த 14.9தான். நாலு வயதுப் பிள்ளை மூன்று வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் இறங்குவது சின்ன விஷயமில்லை. ஒரு பெரிய நோயிலிருந்து அவன் இப்போதுதான் எழுந்து வந்திருக்கிறான். முட்டையையும் மீனையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். காரணத்தைச் சொல்கிறேன், மாமியாரிடமும் வாசித்துக் காட்டுங்கள். அவர் செய்தது பேரன்மேல் உள்ள பாசத்தில்தான்; அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக நோயைப் பற்றி முதலில் கொஞ்சம். கவாசாக்கி என்பது மருந்தின் பெயரோ கிருமியின் பெயரோ இல்லை, ஒரு டாக்டரின் பெயர். டோக்கியோவில் செஞ்சிலுவைச் சங்க மருத்துவமனையில் 1961 ஜனவரியில் தோமிசாகு கவாசாக்கி என்ற குழந்தை மருத்துவர் ஒரு பையனைப் பார்த்தார். அவனுக்கும் நாலு வயதுதான். விடாத காய்ச்சல், தடிப்பு, சிவந்த கண். தெரிந்த எந்த நோயின் பெயரும் பொருந்தவில்லை. அதேபோன்ற பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சேர்த்து, 1967ல் 50 பேரைப் பற்றி எழுதினார். உடம்பின் நடுத்தர அளவு ரத்தக்குழாய்களில் அழற்சி உண்டாகும் நோய் இது. இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய்களில் அது கை வைப்பதுதான் ஆபத்து. சிகிச்சை இல்லாமல் விட்டால் நான்கில் ஒரு பிள்ளைக்குக் குழாய் புடைத்துக்கொள்ளும். காய்ச்சல் தொடங்கிப் பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்பொருள் மருந்தை ஏற்றினால் அது நூற்றுக்கு நான்கு என்ற அளவுக்கு இறங்குகிறது. உங்கள் மகனுக்கு ராத்திரி முழுக்க ஏற்றியது அதுதான். கிலோவுக்கு 2 கிராம் கணக்கில் 16 கிலோ பிள்ளைக்கு 32 கிராம். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்க வேண்டும். ஏழாவது நாளில் நோயைக் கண்டுபிடித்தார்களே, அதற்கு அந்த டாக்டர்களுக்கு ஒரு கும்பிடு போடுங்கள்.

ஐந்து நாளாகியும் காய்ச்சல் இறங்காமல், இரண்டு கண்ணும் பீளை இல்லாமல் சிவந்து, உதடு வெடித்து, நாக்கு ஸ்ட்ராபெரி பழம்போலச் சிவந்து, கை கால் வீங்கினால், 'வைரல்தான், போயிரும்' என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். கைக்குழந்தைகளில் இன்னொரு அடையாளம் உண்டு. பிறந்ததும் தோளில் போட்ட பி.சி.ஜி. தழும்பு திடீரென்று சிவந்து தடிக்கும். நம் ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் அந்தத் தழும்பு இருப்பதால், பார்க்கத் தெரிந்தால் நல்ல துப்பு. உங்கள் மகனுக்கு இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் விரல்நுனியில், நகத்தை ஒட்டித் தோல் உரிந்திருக்குமே, கவனித்தீர்களா? இந்தக் காய்ச்சல் போகும்போது அப்படித்தான் அடையாளம் விட்டுப் போகும்.

சரி, கொழுப்புக்கு வருவோம்.

கேரளத்தில் ஹர்த்தால், அதாவது கடையடைப்பு அன்று, எல்லையில் இருக்கும் நம் களியக்காவிளையைப் பார்த்திருப்பீர்கள். நம் பக்கத்து பஸ் எல்லையோடு திரும்பிவிடும், லாரிகள் வரிசையாக நின்றுவிடும். லாரி வழக்கமாக வருகிற எண்ணிக்கைதான். அப்பால் சுமை இறக்க ஆள் இல்லாததால் இப்பால் குவிகிறது. கடும் காய்ச்சலில் ரத்தத்தில் நடப்பதும் இதேதான். ட்ரைகிளிசரைடு என்கிற கொழுப்பைக் கல்லீரல் துகள்களில் ஏற்றி அனுப்பும். நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவரில் உட்கார்ந்திருக்கும் லைப்பேஸ் என்ற நொதிதான் அதை இறக்கித் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் கொடுக்க வேண்டும். அழற்சி நேரத்தில் நோய் எதிர்ப்பு அணுக்கள் விடுகிற சமிக்ஞைப் பொருள்கள் (இன்டர்லூக்கின் வகையறா) அந்த நொதியை முடக்கிப் போடுகின்றன. சுமை இறங்காது, ட்ரைகிளிசரைடு குவியும். உங்கள் மகனின் 212 இந்த வகை. அந்த வாரம் அவன் எதையுமே சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டான் என்பதை யோசித்துப் பாருங்கள். உதடு வெடித்த பிள்ளை எங்கே பொரித்த மீன் தின்றான்?

எச்.டி.எல். 17க்கு வருகிறேன். உங்கள் பஞ்சாயத்தில் பச்சை உடுப்பு போட்டு வீடு வீடாக வந்து பிளாஸ்டிக் வாங்கிப் போகும் ஹரித கர்ம சேனைப் பெண்களைத் தெரியுமே. எச்.டி.எல். துகள் ரத்தக்குழாய்க்கு அந்த வேலையைச் செய்கிறது. சுவரில் ஒதுங்கும் கொலஸ்ட்ராலை வாரிக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுபோகிறது. அதன்மேல் அப்போ ஏ-1 என்று ஒரு புரதம் இருந்தால்தான் வேலை நடக்கும். பெரிய அழற்சி வரும்போது கல்லீரல் சீரம் அமிலாய்டு ஏ என்ற வேறொரு புரதத்தை அள்ளி அள்ளிச் செய்கிறது. அது எச்.டி.எல். துகளில் வந்து ஏறி, ஏற்கெனவே இருந்ததை இறக்கிவிடுகிறது. துகள்களின் எண்ணிக்கையும் குறைகிறது, மிச்சம் இருக்கிறவையும் சரியாக வேலை செய்வதில்லை. கவாசாக்கி பிள்ளைகளின் ரத்தத்தில் கொழுப்பு மாற்றம் என்று டாக்டர்கள் பேசும்போது முதலில் சொல்வது இந்த எச்.டி.எல். வீழ்ச்சியைத்தான். இருபதுக்குக் கீழே போனதை நானே பார்த்திருக்கிறேன்.

எல்.டி.எல்., அதாவது 'கெட்ட கொழுப்பு' என்று பெயர் வாங்கிக்கொண்டது, அதே காய்ச்சலில் இறங்கும். கவாசாக்கியில் மட்டுமல்ல, கடுமையான எந்தத் தொற்றிலும் இப்படித்தான். மாரடைப்பு வந்து படுத்திருக்கும் பெரியவருக்குக்கூட ஓரிரு நாளில் எல்.டி.எல். இறங்கிவிடும் என்பதால், சேர்ந்த அன்றைக்கே ரத்தம் எடுத்துவிடுவார்கள். ஆக அந்த 118ம் 59ம் உங்கள் மகனின் சொந்த எண்களே இல்லை, காய்ச்சல் அமுக்கிப் பிடித்த எண்கள். அமுக்கிய கையை எடுத்ததும் மேலே வந்தன. '118ல் இருந்து 196க்கு ஏறிவிட்டது' என்று சொல்வதைவிட, அவனுடைய வழக்கமான அளவுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று சொல்வதுதான் சரி. அந்த வழக்கமான அளவு எது என்பது இன்னும் தெரியாது. ஆறாவது வாரம் அதற்குச் சீக்கிரம். பெரிய நோய் ஒன்று வந்து போனால் மூன்று மாதமாவது விட்டுத்தான் கொழுப்பைப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் என்னுடைய பழைய தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், காய்ச்சலில் கிடந்த ஒரு பிள்ளைக்கு யாரோ எழுதிக் கொடுத்து எடுத்த கொழுப்புப் பரிசோதனையைப் பார்த்தேன். ட்ரைகிளிசரைடு எகிறியிருந்தது. 'முட்டையைக் குறைங்க, எண்ணெயைக் குறைங்க' என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லி அனுப்பினேன். அந்த அம்மா ஒரு வருடம் அப்படியே கடைப்பிடித்திருக்கிறார். அடுத்த தடவை பிள்ளையைத் தராசில் நிறுத்தியபோதுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது. அதிலிருந்து, காய்ச்சலோடு எடுத்த கொழுப்பு ரிப்போர்ட் கைக்கு வந்தால் மடித்து ஓரமாக வைத்துவிடுவேன்.

இரண்டாவது ரிப்போர்ட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். எல்.டி.எல். 134க்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் 'கூடுதல்' குறி, எச்.டி.எல். 36க்குப் பக்கத்தில் 'குறைவு' குறி இருந்திருக்கும். 196க்கும் 128க்கும் எந்தக் குறியும் இருந்திருக்காது. ஏன் தெரியுமா? பல லேப்களில் அச்சாகி வரும் அளவுகோல் பெரியவர்களுடையது. மொத்தம் 200க்குக் கீழே, ட்ரைகிளிசரைடு 150க்குக் கீழே என்றால் அந்தக் காகிதத்துக்குச் சம்மதம். பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. மொத்தக் கொலஸ்ட்ரால் 170க்குள் இருந்தால் நல்லது, 170லிருந்து 199 வரை ஓரக்கோடு, 200க்கு மேல் கூடுதல். எல்.டி.எல். 110க்குள் நல்லது, 130ஐத் தொட்டால் கூடுதல். பத்து வயதுக்குள் ட்ரைகிளிசரைடு 75க்குள் இருக்க வேண்டும், 100 வந்தாலே கூடுதல்தான். எச்.டி.எல். 45க்கு மேல் வேண்டும், 40க்குக் கீழே போனால் குறைவு.

அந்தக் கணக்கில் உங்கள் மகனுக்கு நாலு எண்ணுமே கொஞ்சம் கோணல்தான். பயமுறுத்தச் சொல்லவில்லை, காகிதத்தில் குறி இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். ரத்தம் கொடுக்கப் போகும்போது அவன் வெறும் வயிற்றோடு இருந்தானா என்று நீங்கள் எழுதவில்லை. நாலு வயதுப் பிள்ளையைப் பட்டினி போட்டுக் கூட்டிப்போயிருக்க மாட்டீர்கள். சர்க்கரை போட்ட பாலும் இரண்டு பிஸ்கட்டும் உள்ளே போயிருந்தால் 128ல் கொஞ்சம் அதனுடைய பங்கு. இன்னொன்று: எல்.டி.எல்.ஐப் பல லேப்களில் நேரடியாக அளப்பதில்லை, கழித்தல் கணக்குதான். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.ஐக் கழித்து, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். 196லிருந்து 36 போனால் 160, 128ல் ஐந்தில் ஒன்று சுமார் 26, மிச்சம் 134. மூன்று எண்ணில் எது அசைந்தாலும் இதுவும் அசையும். உங்கள் முதல் ரிப்போர்ட்டிலும் போட்டுப் பாருங்கள், 59 அப்படியே வரும்.

எச்.டி.எல். மட்டும் மெதுவாகத்தான் எழும். ட்ரைகிளிசரைடும் எல்.டி.எல்.லும் வாரக்கணக்கில் இடத்துக்கு வந்துவிட்டாலும் எச்.டி.எல். சில பிள்ளைகளில் மாதக்கணக்கில் தாழ்ந்தே இருக்கும். கரோனரி குழாயில் புடைப்பு நிலைத்துவிட்ட பிள்ளைகளில் அது இன்னும் நீண்ட காலம் தாழ்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். 17லிருந்து ஆறு வாரத்தில் 36 வந்தது நல்ல நடைதான். உங்கள் மகனுக்கு வந்தது விரிவு மட்டும், அதுவும் ஆறாவது வாரம் சரியாகிவிட்டது. புடைப்பு தங்கிவிட்ட பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்குக் கொழுப்பு, ரத்த அழுத்தம், எடை எல்லாவற்றையும் கறாராகப் பார்க்க வேண்டும். அதை இதய டாக்டர் பார்த்துக்கொள்வார். அந்தப் பட்டியலில் உங்கள் மகன் இல்லை.

இப்போது, நீங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனதற்கு வருகிறேன். அப்பா 47 வயதில் மாரடைப்பு. அண்ணனுக்கு 36 வயதில் மாத்திரை. என்னைக் கேட்டால் கடிதத்திலேயே முக்கியமான வரிகள் இவைதான். ஆண்களில் 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்தால் அது குடும்பத்தைப் பார்க்கச் சொல்லும் மணி. பிறவியிலேயே எல்.டி.எல். கூடுதலாக இருக்கும் குடும்பக் கொழுப்புக் கோளாறு ஒன்று உண்டு. அப்படியொன்றும் அபூர்வமில்லை, சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. எல்.டி.எல்.ஐ ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளக் கல்லீரலில் ஒரு கதவு வேண்டும். இவர்களுக்கு அந்தக் கதவில் பாதி பிறக்கும்போதே வேலை செய்யாது. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆள் ஒல்லியாக இருப்பார், முட்டையே தொட மாட்டார், எண் மட்டும் 200ஐத் தாண்டும். உங்கள் அண்ணனின் பழைய ரிப்போர்ட்டில், மாத்திரை தொடங்குவதற்கு முன்னால், எல்.டி.எல். எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள். குதிகாலுக்கு மேலே இருக்கும் நரம்புபோன்ற தடித்த தசைநாரை அவர் தொட்டுப் பார்க்கட்டும். கயிறு முறுக்கினதுபோல உருண்டு தடித்திருந்தால் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

முக்கியமாக, நீங்கள் ரத்தம் கொடுங்கள். எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள்? 'எனக்கென்ன, பிள்ளைக்குத்தானே நோய்' என்பீர்கள். இந்த விஷயத்தில் மகனின் ரிப்போர்ட் சொல்லாததை அம்மாவின் ரிப்போர்ட் சொல்லிவிடும். உங்கள் எல்.டி.எல். சாதாரணமாக இருந்தால் தாத்தா வழியாக அவனுக்கு அது வந்திருக்க வாய்ப்பு குறைவு. கணவரும் கூடவே கொடுத்துவிடட்டும், ஒரே நாளில் முடியும். உங்களுக்குக் கூடுதலாக இருந்தால் அதற்கு மருந்து இருக்கிறது, நீங்களும் பல வருடம் முந்திக்கொண்டதாக ஆகும். அப்பாவுக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.

அவனுக்கு மாத்திரை வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். 134 என்பது மாத்திரைக்கு உரிய எண் இல்லை, நாலு என்பது மாத்திரைக்கு உரிய வயதும் இல்லை. குடும்பக் கோளாறு உறுதியாகி, ஆறு மாதம் சாப்பாட்டை ஒழுங்குபடுத்தியும் எல்.டி.எல். 160க்கோ 190க்கோ மேலேயே நின்றால்தான் அந்தப் பேச்சு, அதுவும் எட்டு, பத்து வயதுக்குப் பிறகு. மெடிக்கல் ஸ்டோரில் பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிற வேலை எல்லாம் வேண்டவே வேண்டாம்.

ஆஸ்பிரின் கொழுப்பைக் குறைக்காது. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் இருக்கத்தான் குறைந்த அளவில் கொடுத்தார்கள். எக்கோ சரியான பிறகு அதற்கு வேலை முடிந்தது. பிள்ளைகளுக்கு அதைச் சும்மா நீட்டுவதில் ஆபத்தும் இருக்கிறது. ஆஸ்பிரின் சாப்பிடும் பிள்ளைக்கு ஃபுளூவோ சின்னம்மையோ வந்தால், ரே நோய் என்று கல்லீரலையும் மூளையையும் தாக்குகிற ஒன்று அபூர்வமாக வரலாம். கணவரின் அண்ணனுக்குக் கொடுத்திருப்பது அவருடைய வயதுக்கான ஆஸ்பிரினாக இருக்கும், அவர் சாப்பிடட்டும்.

தடுப்பூசியில் ஒரு விஷயம் தவறிவிடக் கூடாது. இம்யூனோகுளோபுலின் என்பது பலர் தானமாகக் கொடுத்த ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள். அது உடம்பில் இருக்கும்வரை தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசி போட்டால் எடுபடாது. மருந்து ஏற்றிய நாளிலிருந்து 11 மாதம் தள்ளிப் போடுங்கள். பள்ளிக்கூடத்திலோ அங்கன்வாடியிலோ முகாம் போட்டால் டிஸ்சார்ஜ் காகிதத்தைக் காட்டுங்கள். போலியோ சொட்டு மருந்துக்கும் ஐந்து வயதில் போடும் முத்தடுப்பு ஊசிக்கும் இந்தத் தடை இல்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன், மாமியார் காத்திருப்பார். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், தொண்ணூறு சதவீதம் அளவுக்கு. அளவுக்கு மீறினால் எல்.டி.எல். ஏறும் என்பது உண்மைதான். அதற்காக ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயில் தாளித்த அவியலும், தேங்காய் அரைத்த மீன்குழம்பும் இந்த நோயைக் கொண்டுவரவில்லை, அந்த எண்களையும் கொண்டுவரவில்லை. நாலு பேர் வீட்டுக்கு எல்லா எண்ணெயும் சேர்த்து மாதம் இரண்டு லிட்டருக்குள் நின்றால் எனக்குச் சண்டை இல்லை. சாளையும் அயிலையும் குழம்பாக வையுங்கள். அந்த மீன்களின் கொழுப்பு ட்ரைகிளிசரைடுக்கு நல்லது, விலையும் கட்டுப்படியாகும். தினம் ஒரு முட்டை, மஞ்சளோடு. பால் இரண்டு வேளை, சர்க்கரை இல்லாமல். பயறும் கஞ்சியும் நல்ல சாப்பாடுதான், அதை நிறுத்த வேண்டாம். அதோடு மற்றதும் வேண்டும் என்கிறேன்.

குறைக்க வேண்டியதை யாரும் குறைத்ததாகக் கடிதத்தில் காணவில்லை. ஏத்தங்காய் சிப்ஸ் வீட்டில் டின் நிறைய இருக்கும், எனக்குத் தெரியும். சாயங்காலச் சாயாவோடு பழம்பொரி, பேக்கரி பப்ஸ், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிள்ளை என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாம் கொண்டுவரும் கிரீம் பிஸ்கட், பாட்டில் ஜூஸ். சர்க்கரையும் மைதாவும் ட்ரைகிளிசரைடை ஏற்றுகிற அளவுக்கு முட்டை ஏற்றாது. பார்க்க வருகிறவர்களிடம் மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிவரச் சொல்லுங்கள். பிறகு, அவன் ஓடட்டும். கவாசாக்கி வந்த பிள்ளை என்று திண்ணையில் உட்கார வைத்திருந்தால் எழுப்பி விடுங்கள். எக்கோ சரியாகி, ஆஸ்பிரினும் நின்ற பிள்ளைக்கு விளையாட்டில் தடை இல்லை. எச்.டி.எல். ஏற அதைவிட நல்ல மருந்து என் கையில் இல்லை.

இனி என்ன செய்ய வேண்டும் என்றால், இன்னும் ஒரு மாதம் அவன் வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிடட்டும். பட்டினிச் சாப்பாட்டில் எடுக்கிற எண்ணும் பொய்தான் சொல்லும். எடை 16ஐத் தொட்டதும், சளி காய்ச்சல் எதுவும் இல்லாத ஒரு வாரமாகப் பார்த்து, முந்தின ராத்திரி எட்டரைக்குச் சாப்பிட வைத்து, காலையில் லேப் திறந்ததும் முதல் ஆளாகக் கொண்டுபோங்கள். கையில் ஒரு பழமும் பால் பாட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள், ஊசியை எடுத்ததும் கொடுக்க. எல்.டி.எல். அப்போதும் 130க்கு மேல் இருந்தால், இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை எடுத்து, இரண்டின் சராசரியைத்தான் பார்க்க வேண்டும். ஒரு வருடம் முடியும்போது எக்கோவுக்கு வரச் சொல்லியிருந்தால் தவறாமல் போங்கள். டாக்டர் மலையாளத்தில் வேகமாகப் பேசினால், 'மெல்லே பறயணே' என்று சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். மூன்று பேருடையதையும் சேர்த்து அனுப்புங்கள், அவனுடையதை மட்டும் அல்ல. இன்றைக்கு ராத்திரி முட்டை கொடுத்தீர்களா என்பதையும் எழுதுங்கள்.